விரால் குஞ்சுக்குக் கீழே யார் நிற்கிறார்கள்?

இந்த மாதம் நன்னீர் மீன்களைப் பற்றி வந்த கடிதங்கள் மட்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிடித்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓட ஆரம்பித்தால் போதும், மீன் கேள்விகளும் வரிசையாக வந்துவிடும். அதிலும் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம், மறையூர், குமுளி என்று எல்லையோர ஊர்க்காரர்கள்தான் அதிகம் எழுதுகிறார்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

அண்ணா, எங்கள் ஏரியில் கரையோரமாகப் பொடிக் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே திரளாக மேலே வருவதும் அடியில் போவதுமாக இருக்கின்றன. விரால் குஞ்சாம். அந்தத் திரளுக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் பெரிய மீன் நிச்சயம் என்கிறார் என் மச்சான். உண்மையா? — கொழிஞ்சாம்பாறை வாசகர்

உங்கள் மச்சான் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் போடாதீர்கள் என்கிறேன்.

விரால் சினைக்கு வரும்போது ஜோடி சேர்ந்து கரையோரப் புல், பாசி, ஆம்பல் தண்டு இவற்றுக்கு இடையில் கொஞ்சம் இடத்தை வாயாலும் வாலாலும் ஒதுக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். முட்டைகள் மற்ற பல மீன்களுக்குப் போல அடியில் ஒட்டிக் கிடப்பதில்லை, எண்ணெய்ச் சத்து இருப்பதால் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஜோடியாகவோ, தகப்பன் தனியாகவோ கூடவே இருந்து காவல் காக்கும். நீங்கள் பார்த்த சிவப்புத் திரள் அந்தக் காவலில் இருக்கும் குஞ்சுகள்.

அடுத்த முறை தூண்டில் இல்லாமல் போய் ஒரு பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். முதலில் தண்ணீர் மேல் தூறல் விழுவதுபோல் பொட்டுப் பொட்டாகத் தெரியும், மழை இருக்காது. திரள் அப்படியே ஓர் அடி நகரும், அடங்கும், மறுபடி எழும். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில், அல்லது அரை அடி தள்ளி, கறுத்த தலை ஒன்று சத்தமில்லாமல் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை உறிஞ்ச தனி அறை இருக்கிறது, அதனால் எவ்வளவு கவனமாக ஒளிந்திருந்தாலும் மேலே வந்துதான் ஆக வேண்டும். காவல்காரன் எங்கே நிற்கிறான் என்பது அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். மச்சானுக்குத் தெரிந்த ரகசியமும் இதுதான்.

அப்புறம் இன்னொன்று. குஞ்சோடு இருக்கும் விரால் பசிக்காகத் தூண்டிலைக் கடிப்பதில்லை. குஞ்சுக்குப் பக்கத்தில் தவளையோ பாம்போ வேறு மீனோ எது வந்தாலும் பாய்ந்து கடித்து விரட்டும். தவளையைக் கோர்த்துத் திரளுக்கு நடுவில் போட்டால் கடிக்காமல் என்ன செய்யும்? பெரியது கரைக்கு வந்த பிறகு அத்தனை குஞ்சும் கெளுத்திக்கும் குறவைக்கும் கொக்குக்கும் தீனி. ஒரு மாதம் பொறுத்தால் குஞ்சுகள் சிவப்பு மங்கிக் கறுத்து, கலைந்து, தனித்தனியாகப் பிழைக்கப் போய்விடும் (போகிற போக்கில் பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்பதும் உண்டு, அது அவர்கள் குடும்ப விஷயம்). அதற்குப் பிறகு அதே விராலைப் பிடித்துக் குழம்பு வையுங்கள், நானே சாப்பிட வருகிறேன்.

ஜிலேபி கெண்டையும் கரிமீனும் ஒரே குடும்பம் என்று என் மகளின் டீச்சர் சொன்னாராம். விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், எப்படி ஒரே குடும்பமாகும்? — சித்தூர் வாசகி

டீச்சர் சொன்னது சரி. இரண்டும் சிக்லிட் குடும்பம். சந்தேகம் இருந்தால் சந்தையிலேயே பார்த்துவிடலாம், பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ரோகுவையோ கட்லாவையோ எடுத்து மூக்கைப் பாருங்கள், கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு துளை இருக்கும், தண்ணீர் ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். ஜிலேபியிலும் கரிமீனிலும் பக்கத்துக்கு ஒரே ஒரு துளைதான். அடுத்து உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோடு. கெண்டையில் அது செவுளிலிருந்து வால் வரை ஒரே ஓட்டமாகப் போகும். இந்த இரண்டிலும் பாதியில் அறுந்து, சில செதில் கீழே இறங்கி, மறுபடி தொடங்கும். வெட்டும்போது தொண்டையையும் பாருங்கள், உள்ளே இன்னொரு தாடை, பல்லோடு இருக்கும்.

இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட் மூன்றே மூன்று: கரிமீன், அதன் சின்ன உறவான பள்ளத்தி, கர்நாடகத்தில் இருக்கும் ஒன்று. இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா, மடகாஸ்கரில். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவா, பிற்பாடு கடல் தாண்டிப் போன உறவா என்று அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். ஜிலேபி ஆப்பிரிக்காக்காரர், 1952இல் நாம்தான் கூப்பிட்டு வந்தோம்.

குடும்பம் ஒன்றானாலும் வளர்ப்பு வேறு. கரிமீன் ஆணும் பெண்ணுமாகக் கல்லிலோ கட்டையிலோ முட்டையை ஒட்டி, இரண்டும் சேர்ந்து காக்கும். ஜிலேபியில் ஆண் அடித்தரையில் வட்டமாகக் குழி பறித்து வைத்துக்கொண்டு பெண்ணைக் கூப்பிடும், அதோடு அவர் வேலை முடிந்தது. முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு போய்ப் பொரித்து, குஞ்சையும் வாயிலேயே அடைகாப்பது பெண். ஏரி வற்றும்போது சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரிகிறதே, பல பேர் எருமை மிதித்தது என்று நினைக்கிறார்கள், பெரும்பாலும் இந்த ஆண்கள் பறித்த குழிகள்தான். கூட்டம் பெருத்துத் தீனி குறைந்தால் ஜிலேபி உள்ளங்கை அளவு வளர்வதற்கு முன்பே சினைக்கு வந்துவிடும். ஏரி முழுக்கக் குட்டி ஜிலேபியாகக் கிடந்து விலை போகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். கரிமீனை 2010இல் கேரளம் மாநில மீனாகவே அறிவித்துவிட்டது. விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

தொட்டியில் பள்ளத்தி வளர்க்கிறேன். குஞ்சுகள் தாயின் உடம்பைக் கொத்திக்கொண்டே இருக்கின்றன. நோயா? — பொள்ளாச்சி கல்லூரி மாணவர்

நோய் இல்லை, சாப்பாடு. பள்ளத்திக் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பிலுள்ள வழவழப்பைத் தின்று வளரும். அந்தச் சமயம் பெரியவற்றுக்கு வழவழப்பு அதிகமாகவே சுரக்கும். பிரித்து வேறு தொட்டியில் போட்டுவிடாதீர்கள், குஞ்சுகள் தேறுவது கஷ்டம்.

பள்ளத்தியைப் பற்றி இன்னும் ஒரு சேதி. உப்பங்கழியில் கரிமீனும் பள்ளத்தியும் ஒரே இடத்தில் வாழும். கரிமீன் உடம்பில் பூஞ்சையோ ஒட்டுண்ணியோ பிடித்தால் பள்ளத்தி வந்து கொத்தித் தின்று சுத்தம் செய்துவிடும், கரிமீனும் காட்டிக்கொண்டு நிற்கும். அதே பள்ளத்தி கரிமீன் கூட்டுப் பக்கம் போய் முட்டையையும் குஞ்சையும் திருடித் தின்னும், அங்கே கரிமீன் அடித்து விரட்டும். பகையும் உறவும் ஒரே ஆளோடு. நம் ஊர் வரப்புத் தகராறு மாதிரிதான்.

பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். பழைய புத்தகத்தில் புன்டியஸ் என்று இருக்கும் பரல் மீன்களுக்கெல்லாம் இப்போது வேறு வேறு பெயர் சொல்கிறார்கள். தேர்வுக்கு எதை எழுதுவது? பெயரை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? — நெய்யாற்றின்கரை மாணவி

தேர்வுக்கு உங்கள் பேராசிரியர் எதைத் திருத்துவாரோ அதை எழுதுங்கள் அம்மா, மதிப்பெண் முக்கியம். விஷயம் இதுதான்.

சின்னக் கெண்டை, இரண்டு மீசை, நான்கு மீசை, மீசையே இல்லாதது என்று கண்டதையெல்லாம் நூறு நூற்றைம்பது வருஷமாகப் புன்டியஸ், பார்பஸ் என்ற பெயர்களுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். 2012இல் இலங்கை ஆய்வாளர்கள் எலும்பையும் மரபணுவையும் வைத்துப் பிரித்ததில் டாக்கின்சியா, பெதியா, சிஸ்டோமஸ் என்று பல பேரினங்களாக (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) ஆயின. நம் ஆற்றுப் பூவாலிப் பரல் டாக்கின்சியாவுக்குள் போய்விட்டது, பரிணாமம் பற்றி எழுதும் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயர்தான் அது. மேற்குத் தொடர்ச்சி மலைக் கெண்டைகள் சிலவற்றுக்குத் 'திராவிடியா' என்று பெயர் வைத்தார்கள். நமக்குச் சந்தோஷம், ஆனால் நிலைக்கவில்லை. அந்தப் பெயரை அதற்கு முன்பே ஓர் ஈக்கு வைத்துவிட்டிருந்தார்கள், விலங்குகளில் ஒரு பெயர் இரண்டு பேரினத்துக்கு இருக்கக் கூடாது என்பது விதி. 2013இல் அது ஹலூதாரியா ஆயிற்று. 1822இல் கங்கை மீன்களைப் பற்றி நூல் வெளியிட்ட ஹாமில்டனுக்குப் படம் வரைந்து கொடுத்த வங்காளி ஹலூதாரின் நினைவாக. படம் வரைந்தவருக்கு மரியாதை கிடைக்க ஏறத்தாழ இருநூறு வருஷம்.

மிஸ் கேரளா என்று தொட்டி வியாபாரத்தில் விற்கிறார்களே, பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட மீன், அதை 1865இல் பிரிட்டிஷ் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே விவரித்தார், முண்டக்கயம் மலைப்பகுதியில் கிடைத்தது. அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசன் பெயரை வைத்தார். அதுவும் 2013இல் சஹ்யாத்ரியா என்ற புதுப் பேரினத்துக்கு மாறியது. பேரினம்தான் மாறும், டெனிசன் கூடவே வருவார்.

வெறும் பெயர் விளையாட்டு என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதே 1865இல் டே விவரித்த மலபார் விரால் ஒன்று உண்டு, கேரளத்தில் வாக, புலிவாக என்பார்கள். பிற்பாடு வந்தவர்கள் இது தென்கிழக்கு ஆசியாவில் இருக்கும் ராட்சத விரால்தான் என்று அதோடு சேர்த்துவிட்டார்கள். தனி இனம் என்று மறுபடி நிரூபணமானது 2011இல், 146 வருஷம் கழித்து. அதுவரை கணக்கு என்ன? தாய்லாந்திலும் மலேசியாவிலும் நிறைய இருக்கிறது, கவலையில்லை என்பதுதான். உண்மையில் அது மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள் சிலவற்றில் மட்டும் இருக்கிற மீன். பம்பையிலும் அச்சன்கோவிலிலும் குறைந்தால் உலகத்திலேயே குறைந்தது என்று அர்த்தம். பெயரைப் பிரித்த பிறகுதான் அது யாருடைய கண்ணிலும் பட்டது.

பாம்பாற்றில் திமில் வைத்த பெரிய மீன் உண்டு என்று எங்கள் தாத்தா சொல்வார். கதையா நிஜமா? — மறையூர் வாசகர்

நிஜம். மேலே சொன்ன கதையின் அடுத்த பாகமே உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

காவிரியில் திமில் மஹ்சீர் என்று ஒரு மீன், வெள்ளைக்காரத் தூண்டில்காரர்களுக்கு நூற்றைம்பது வருஷமாகத் தெரியும். 1946இல் கபினியில் பிடித்த ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அவ்வளவு பிரபலமான மீனுக்கு முறையான அறிவியல் பெயர் மட்டும் இல்லை. பாம்பாறு, ஆனைமுடிச் சரிவில் பிறந்து கிழக்கே ஓடி, சின்னாறோடு சேர்ந்து, தமிழ்நாட்டுப் பக்கம் வந்து அமராவதியாகிக் காவிரியில் கலக்கிறது இல்லையா, அந்த ஆற்றில் கிடைத்த ஒரு மஹ்சீரைக் கேரள ஆய்வாளர்கள் தனி இனமாக விவரித்து, மீன் அறிஞர் ரமாதேவியின் பெயரை வைத்திருந்தார்கள், டோர் ரமாதேவி. 2018இல் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. காவிரியின் பெயரில்லாத ராஜாவுக்கு உங்கள் ஊர் ஆற்றிலிருந்து பெயர் கிடைத்தது.

ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இப்போது அது மிக மிக ஆபத்தான நிலையில். அணை, மணல், வெடி போட்டுப் பிடிப்பது எல்லாம் காரணம். இன்னொரு காரணம் நல்லெண்ணத்தில் செய்தது: வேறு ஆற்று மஹ்சீரைப் பண்ணையில் பொரிக்க வைத்துக் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள், மஹ்சீர் பெருகட்டும் என்று. பெருகியது வந்த மீன், குறைந்தது ஏற்கனவே இருந்த மீன். உங்கள் தாத்தாவிடம் எந்தக் கயத்தில் பார்த்தார், எந்த மாதம், எவ்வளவு நீளம் என்று கேட்டு எழுதி வையுங்கள், சீக்கிரம்.

குமுளியில் கடை வைத்திருக்கிறேன் சார். தொட்டியில் இருக்கும் கண்ணாடி துடைக்கிற மீன் முழங்கை நீளம் வந்துவிட்டது. கொல்ல மனசில்லை. பெரியாற்றில் விட்டுவிடலாமா? — குமுளி வாசகர்

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

டாங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, நம் ஊர் மீனோ நீர்க்காகமோ சுலபத்தில் விழுங்க முடியாது. காற்றை வயிற்றில் விழுங்கி மூச்சுவிடும், அதனால் சாக்கடையிலும் பிழைக்கும். கரையைக் குடைந்து வளை போட்டு முட்டையிடும், ஆண் வாசலில் காவல். வலையில் மாட்டினால் வலையும் கிழியும், விலையும் போகாது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல குளங்களில் ஏற்கனவே புகுந்துவிட்டது. 2018 வெள்ளத்தில் பண்ணைகள் உடைந்து வெளிநாட்டு மீன்களான அரபைமாவும் முதலைமூஞ்சி மீனும் கேரள ஆறுகளுக்குள் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளம் செய்தது, நாம் கையால் செய்ய வேண்டாமே.

பெரியாற்றில் விடுவது அதிலும் மோசம். அங்கே மேல்பகுதியில் லெபிடோபைகோப்சிஸ் என்று ஒரு மீன், 1941இல் சுந்தர்ராஜ் விவரித்தது, அந்தப் பேரினத்திலேயே ஒரே இனம், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. முல்லைப் பெரியாறு அணை கட்டியபிறகு ஓடும் தண்ணீர் பாதி ஏரியாகிவிட்டது, ஏரித் தண்ணீரில் சாதாக் கெண்டையும் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஏறி உட்கார்ந்துவிட்டன. அந்த வரிசையில் உங்கள் மீனும் எதற்கு. வாங்கிய கடையிலேயே கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். கோயில் தெப்பக்குளமும் கூடாது, புண்ணியம் கிடைக்காது.

தூண்டிலில் ஒரு கெண்டை சிக்கித் தப்பி ஓடினால் அப்புறம் அந்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் கடிப்பதில்லை. போய்ச் சொல்லிவிடுமா? — செங்கோட்டை வாசகர்

வாயால் சொல்லாது, தோலால் சொல்லும். ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் (தேனீ நடனத்துக்காக 1973இல் நோபல் வாங்கியவர்) ஒரு சின்னக் கெண்டைக்கு அடையாளம் வைக்க உடம்பில் கீறிவிட்டுக் கூட்டத்துக்குள் திருப்பி விட்டார். மொத்தக் கூட்டமும் மிரண்டு ஓடி ஒளிந்தது. அடிபட்ட தோலிலிருந்து கசியும் பொருள்தான் எச்சரிக்கை என்று 1938இல் எழுதினார். தோலுக்குள் இருக்கும் சில செல்கள் உடைந்தால்தான் அது வெளியே வரும். கெண்டை, கெளுத்தி, அயிரை வகையெல்லாம் இதை உணரும். தோல் கிழிய வேண்டும், அது முக்கியம். உதட்டில் லேசாகக் குத்தித் தப்பியதற்கும் செதில் உரிந்து தப்பியதற்கும் வித்தியாசம் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

அடிபட்ட மீனுக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்விக்குத்தான் இன்னும் ஒரே பதில் இல்லை. அந்தச் செல்கள் உண்மையில் தோலைக் கிருமியிலிருந்து காக்க வந்தவை, மற்றவை அதை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன என்று ஒரு கட்சி. எனக்கு அந்தக் கட்சிதான் பிடிக்கிறது.

கோடையில் வெடித்துக் கிடந்த வயலில் முதல் மழையிலேயே மீன் துள்ளுகிறது. வானத்திலிருந்தா விழுகிறது? — வண்ணாமடை வாசகர்

நடந்து வருகிறது. பனையேறிக் கெண்டை செவுள் மூடியிலிருக்கும் முள்ளை ஊன்றி, வாலால் தள்ளி ஈரப் புல்லில் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். 1791இல் தரங்கம்பாடியில் ஒரு டேனிஷ்காரர் இதைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் பிடித்ததாக எழுதிவைத்தார், அன்றிலிருந்து மரம் ஏறுமா என்று சண்டை. விராலும் தேளியும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும். பரலும் கெளுத்தியும் ஆற்றிலிருந்து வெள்ளத்தை எதிர்த்து வயலுக்கு ஏறி வரும், முட்டையிட. வயிறு நிறையச் சினையோடு ஏறும் அந்த மீன்களை மடையில் மறித்துப் பிடிப்பதைக் கேரளத்தில் ஊத்தபிடித்தம் என்பார்கள். கேரளத்தின் 2010 உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி அது குற்றம். உங்கள் வயல் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணறு தூர்வாரியபோது ரத்தச் சிவப்பில், கண்ணே இல்லாமல், புழு மாதிரி மீன் வந்தது என்று கோட்டயத்தில் இருக்கும் என் அக்கா சொல்கிறாள். நம்பலாமா? — களியக்காவிளை வாசகி

தாராளமாக. ஹொராக்லானிஸ் என்ற குருட்டுக் கெளுத்தியாக இருக்கலாம், 1950இல் கோட்டயத்துக் கிணற்று மீனை வைத்துத்தான் விவரித்தார்கள். செம்பூரான்கல் நிலத்தடி நீரிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும். அடுத்த முறை வந்தால் கொட்டிவிட வேண்டாம், அதே கிணற்றுத் தண்ணீரில் மூடி, இருட்டில் குளுமையாக வைத்துவிட்டு, கொச்சி பனங்காட்டிலிருக்கும் கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

வலையிலிருந்து எடுக்கும்போது தேளி குத்தி, கை தோள் வரை கடுக்கிறது. கை வைத்தியம் உண்டா? — மீனாட்சிபுரம் வாசகர்

உண்டு, வெந்நீர். மார்புத் துடுப்பு முள்ளிலிருக்கும் விஷம் சூட்டில் கெடும். பொறுக்கிற சூட்டில், தோல் வெந்துபோகாத அளவில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை முக்கி வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள், சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட கைக்குச் சரியாகத் தெரியாது. முள் நுனி உள்ளே முறிந்திருந்தாலோ, வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசி எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.